செல்போன் கதிர்வீச்சும் ஞாபக மறதியும்: மாத்திரை போட்டால் காப்பாற்றுமா?

"செல்போன் கதிர்வீச்சு ஞாபக சக்தியைக் கெடுக்கிறது, அதைத் தடுக்க இந்த கேப்ஸ்யூலை எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற மாதிரி விளம்பரமோ ஃபார்வர்டு செய்தியோ கண்ணில் படாதவர்கள் குறைவு. முதல் பாதி உண்மையா பொய்யா என்று நிறையப் பேர் சண்டை போடுகிறார்கள். இரண்டாம் பாதியைத்தான், அதாவது அந்த கேப்ஸ்யூலைத்தான், யாரும் கேள்வி கேட்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

செல்போனிலிருந்து வருவது நிஜமாகவே கதிர்வீச்சுதானா?

ஆமாம், கதிர்வீச்சுதான். ஆனால் எக்ஸ்ரே, அணு உலை வகைக் கதிர்வீச்சு இல்லை. போன் அனுப்புவது ரேடியோ அலை, பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை. எக்ஸ்ரே ஒரு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும், அதனால் டிஎன்ஏவை நேரடியாக உடைக்கும். ரேடியோ அலையின் ஒரு துணுக்குக்கு, அதாவது ஒரு ஃபோட்டானுக்கு, அவ்வளவு வலு கிடையாது. 2 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு மூலக்கூறுப் பிணைப்பை உடைக்கவோ சில எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். நம் உடல் சூட்டிலேயே மூலக்கூறுகள் ஆடிக்கொண்டிருக்கும் ஆற்றல் அந்த ஃபோட்டானைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

சரி, அப்படியென்றால் எதுவுமே செய்யாதா? செய்யும், சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதே அடிப்படையில்தான், ஆனால் அது சுமார் 1000 வாட்டை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைக்கிறது. பழைய 2ஜி போன் உச்சத்தில் 2 வாட், சராசரியாக கால் வாட்தான் அனுப்பும். 4ஜி போனின் உச்சமே சுமார் 0.2 வாட்.

அந்தச் சூடு மூளைக்குள் போகிறதா?

கொஞ்சம் போகிறது. நீண்ட நேரம் காதோடு ஒட்டிப் பேசினால்கூட மூளைத் திசுவின் வெப்பம் ஏறுவது 0.1 டிகிரி செல்சியஸ் அளவுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லேசான காய்ச்சலிலேயே இதைவிடப் பல மடங்கு ஏறிவிடும். பேசிப் பேசிக் காது சுடுகிறதே என்பீர்கள், அதற்குப் பெரும்பாலும் காரணம் பேட்டரியும் உள்ளிருக்கும் சர்க்யூட்டும்தான், அதோடு காதுமடல் காற்றோட்டம் இல்லாமல் மூடிக் கிடக்கிறது.

வரம்புகள் வைத்ததும் இந்தச் சூட்டை வைத்துத்தான். விலங்குகளின் உடல் முழுக்க கிலோவுக்கு சுமார் 4 வாட் உள்வாங்கும்போது அவற்றின் நடத்தை குழம்ப ஆரம்பிக்கிறது, பொதுமக்களுக்கான முழு உடல் வரம்பு அதில் 50-ல் ஒரு பங்கு. தலைக்குத் தனியாக, சர்வதேச வழிகாட்டுதலின்படி 10 கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 2 வாட், அமெரிக்காவில் 1 கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட். இதைத்தான் சார் மதிப்பு என்கிறார்கள். போனின் சார் மதிப்பு 0.9 என்று போட்டிருந்தால் அது முழு பவரில், மோசமான நிலையில் அளந்தது. அன்றாடப் பேச்சில் அதற்கு வெகு கீழேதான் இருக்கும்.

சூடு இல்லாமலும் ஏதாவது நடக்கலாமே?

நியாயமான கேள்வி, விஞ்ஞானிகளும் இதையேதான் கேட்கிறார்கள். 2011-ல் அமெரிக்காவில் 47 பேரின் இரண்டு காதிலும் போனைக் கட்டி, ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் அழைப்பில் வைத்து, 50 நிமிடத்துக்குப் பிறகு மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஆன்டெனாவுக்கு அருகில் இருந்த பகுதியில் குளுக்கோஸ் செலவு சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. பத்திரிகைகள் குதித்தன. அதே ஆண்டு ஃபின்லாந்தில் செய்த இதே மாதிரி ஆய்வில் குளுக்கோஸ் செலவு குறைந்திருந்தது! தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் இஇஜி அலைகளில், அதாவது மூளையின் மின் அலைகளில், சின்னச் சின்ன மாற்றங்கள் வருவதையும் பல ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. எனவே மூளையில் துளியும் மாற்றமில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றம் வேறு, கேடு வேறு. கண்ணை மூடினாலே இஇஜி மாறத்தான் செய்கிறது.

மனிதர்களிடம் ஞாபகத்தை நேரடியாகச் சோதித்தார்களா?

நிறையவே. ஆய்வகத்தில் ஆளை உட்கார வைத்து, தலைக்கருகில் ஆன்டெனாவை வைத்து, அது ஓடுகிறதா இல்லையா என்பது சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டு, எண்களை ஞாபகம் வைக்கச் சொல்வார்கள், பட்டனை எவ்வளவு வேகமாக அழுத்துகிறார் என்று பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் இந்தச் சோதனைகளையெல்லாம் திரட்டி 2024-ல் வெளியான மதிப்பாய்வு, ஞாபகத்திலோ கவனத்திலோ சொல்லிக்கொள்ளும்படியான பாதிப்பைக் காணவில்லை. இது குறுகிய நேரத்துக்கான சோதனை, ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்றால் பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று கேட்கலாம். அதற்குத்தான் மக்களை நீண்டகாலம் பின்தொடரும் ஆய்வுகள்.

அவற்றில் இரண்டு சுவாரசியமானவை. ஒன்று ஆஸ்திரேலியாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 317 பேரிடம் செய்தது, 2009-ல் வெளியானது. அதிகம் போன் பேசும் பிள்ளைகள் சில சோதனைகளில் வேகமாகவும் ஆனால் தப்பாகவும் பதில் சொன்னார்கள். கேட்டால் பகீரென்று இருக்கிறதல்லவா? ஆனால் அதிகம் எஸ்எம்எஸ் அனுப்பும் பிள்ளைகளும் அப்படியேதான் இருந்தார்கள். எஸ்எம்எஸ் அனுப்பும்போது போன் தலைக்குப் பக்கத்தில் இருப்பதில்லை, கதிர்வீச்சும் மூளைக்கு ஏறக்குறைய ஒன்றும் போவதில்லை. ஆக, அந்தப் பிள்ளைகளின் அவசரம் போன் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம், ரேடியோ அலையிலிருந்து வந்ததாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று சுவிட்சர்லாந்து ஆய்வு, 2018-ல் வெளியானது. 12 முதல் 17 வயதுக்குள் இருந்த கிட்டத்தட்ட 700 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். பலருக்கு "எவ்வளவு நேரம் பேசுவாய்?" என்று வாயால் கேட்டதோடு நிற்காமல் போன் கம்பெனியின் பதிவையே வாங்கி, மூளைக்குப் போன அளவைக் கணக்கிட்டார்கள். உருவங்களை ஞாபகம் வைக்கும் சோதனையில், அதிக அளவு பெற்றவர்களின் மதிப்பெண் கொஞ்சம் சறுக்கியது. வலது காதில் பேசுபவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது, உருவ ஞாபகத்துக்கு வலது பக்க மூளைதான் பெரிதும் பொறுப்பு என்பதால் இது பொருந்தித்தான் போகிறது. கதிர்வீச்சை சந்தேகிப்பவர்களிடம் இருக்கும் வலுவான சாட்சி இதுதான் என்பது என் கருத்து, இதைக் கேலி செய்து ஒதுக்க முடியாது. ஆனாலும் இது ஒரே ஒரு ஆய்வு, வளரும் வயதுப் பிள்ளைகள், ஒரு வருட இடைவெளியில் இரண்டு சோதனை. வேறு காரணங்கள் நுழைந்திருக்கலாம் என்று அதைச் செய்தவர்களே சொன்னார்கள். 2024-ல் இத்தகைய நீண்டகால ஆய்வுகளை மட்டும் தனியாகத் தொகுத்த மதிப்பாய்வும் பாதிப்பு இல்லை அல்லது மிகச் சிறியது என்ற பக்கம்தான் சாய்ந்தது, ஆதாரத்தின் உறுதி குறைவு என்ற குறிப்போடு.

அப்புறம் ஏன் எலிகளுக்கு மட்டும் ஞாபகம் போகிறது?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. "ஞாபகம் போகிறது" என்று செய்திகளில் வருவதில் பெரும்பகுதி எலி ஆய்வுதான், மாத்திரைக் கதையும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு ஆய்வைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2009-ல் மணிப்பாலிலிருந்து வந்தது. எலிகளின் கூண்டில் ஒரு ஜிஎஸ்எம் போனை வைத்து, தினம் 50 மிஸ்டு கால், நான்கு வாரம். ரிங்டோன் கிடையாது, வைப்ரேஷன் மட்டும். பிறகு மோரிஸ் நீர்ப்புதிர் சோதனை: வட்டமான தொட்டியில் கலங்கலான தண்ணீர், அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலிக்குத் தண்ணீரில் கிடக்கப் பிடிக்காது, நீந்தி நீந்தி மேடையைக் கண்டுபிடிக்கும், சில நாளில் சுவரில் இருக்கும் அடையாளங்களை வைத்து நேராக அங்கேயே போகும். கடைசியில் மேடையை எடுத்துவிட்டு, மேடை இருந்த பக்கத்துக்கு எலி எவ்வளவு சீக்கிரம் வருகிறது, அங்கே எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பார்கள். போன் வைத்த எலிகள் அங்கே வர அதிக நேரம் எடுத்தன, வந்த பிறகும் குறைவாகவே சுற்றின.

இப்போது நீங்களே யோசியுங்கள். தினம் 50 முறை அதிரும் ஒரு பெட்டியோடு நான்கு வாரம் பூட்டி வைத்தால் எலி நிம்மதியாக இருக்குமா? எலியைக் கெடுத்தது ரேடியோ அலையா, அதிர்வா, தூக்கக் கெடுதியா? போன் எடுக்கப்படாத அழைப்பில் எவ்வளவு பவர் அனுப்பியது, எலி எந்த மூலையில் படுத்திருந்தது என்பதையெல்லாம் வைத்து அளவைத் துல்லியமாகச் சொல்லவும் வழியில்லை. கடை போனைக் கூண்டில் வைக்கும் எல்லா ஆய்வுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இன்னும் சில ஆய்வுகளில் அளவு துல்லியமாக இருக்க வேண்டுமென்று எலியை ஒரு குழாய்க்குள் அடைத்து அசையாமல் வைப்பார்கள். அப்படி அடைப்பதே எலிக்குப் பெரும் பயம், அந்தப் பயத்தில் சுரக்கும் ஹார்மோன் ஹிப்போகாம்பஸ் என்ற ஞாபகப் பகுதியைத்தான் முதலில் தாக்கும். அலை ஓடாத குழாயில் அதே மாதிரி அடைத்த எலிகளோடு ஒப்பிடவில்லை என்றால் அந்த ஆய்வை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

உருவ அளவு இன்னொரு பிரச்சினை. எலியின் மூளை சுமார் 2 கிராம், நம்முடையது 1300 கிராமுக்கு மேல். எலிக்கு அலை தலை முழுக்க ஊடுருவி ஹிப்போகாம்பஸையும் எட்டிவிடும். நமக்கு அலையின் பெரும்பகுதி தோல், மண்டையோடு, மூளையின் மேற்பரப்பு இவற்றிலேயே அடங்கிவிடும், ஹிப்போகாம்பஸ் உள்ளே ஆழத்தில் இருக்கிறது.

முடிவுகளும் ஒன்றுக்கொன்று முட்டுகின்றன. 1990-களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி லாய் 2450 மெகாஹெர்ட்ஸ் அலையில் 45 நிமிடம் வைத்த எலிகள் புதிர்ப்பாதையில் தடுமாறின என்று காட்டினார். பின்னால் அமெரிக்காவிலும் ஃபிரான்ஸிலும் அதே மாதிரி செய்து பார்த்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் கிடைக்கவில்லை. 2010-ல் சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு அல்ஸைமர் என்ற மறதி நோய் வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளை மாதக்கணக்கில் 918 மெகாஹெர்ட்ஸ் அலையில் வைத்தது, அவற்றின் ஞாபகம் மேம்பட்டதாம்! அதை நம்பி யாரும் தாத்தா தலையில் போனைக் கட்டுவதில்லை. எதிர்ப்பக்க எலி ஆய்வுக்கும் அதே நிதானத்தைக் கொடுத்தால் போதும்.

பாதுகாக்கும் மருந்து என்று எவற்றையெல்லாம் சோதித்திருக்கிறார்கள்?

பட்டியல் நீளம்: மெலடோனின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, ஜிங்கோ இலைச் சாறு, கிரீன் டீயில் இருக்கும் இஜிசிஜி, என்-அசிட்டைல் சிஸ்டைன், குவர்செட்டின், குர்குமின், பூண்டு, தேன்கூட்டுப் பிசினிலிருந்து எடுக்கும் ஒரு பொருள், ஒமேகா-3. எல்லாவற்றுக்கும் வாதம் ஒன்றேதான்: அலை செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த வினைத்துகள்களைக் கூட்டுகிறது, அது கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கிறது, ஆன்டி-ஆக்ஸிடன்ட் கொடுத்தால் அதைத் துடைத்துவிடும்.

ஆய்வின் அமைப்பும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. நான்கு குழு எலி: சும்மா இருப்பவை, அலை மட்டும், மருந்து மட்டும், அலையும் மருந்தும். சில வாரம் கழித்து எலியைக் கொன்று மூளையில், கொழுப்பு அரிக்கப்படும்போது உருவாகும் மேலோண்டைஆல்டிஹைடு என்ற பொருள் கூடியிருக்கிறதா, அந்த அரிப்பைத் தடுக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அலை மட்டும் பட்ட குழுவில் மோசம், மருந்தும் சேர்ந்த குழுவில் பரவாயில்லை, கட்டுரை தயார்.

எனக்கு இதில் உறுத்துவது என்னவென்றால், ஆன்டி-ஆக்ஸிடன்ட் கொடுத்தால் அந்த அளவுகள் எந்தத் தொந்தரவில் ஏறியிருந்தாலும் இறங்கும். எலியைக் குழாயில் அடைத்தாலும், தூங்கவிடாமல் செய்தாலும் அவை ஏறும், மருந்து கொடுத்தால் இறங்கும். அதனால் மருந்து வேலை செய்தது என்பது அலைதான் கெடுத்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. இன்னொன்று, சோதித்த பொருளெல்லாம் பாஸ் ஆகிக்கொண்டே இருப்பது நல்ல அறிகுறி இல்லை. தோற்ற ஆய்வுகள் மேசை டிராயரிலேயே தங்கிவிடுகின்றன என்று சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் நிற்காத ஒன்றும் உண்டு. ஹென்றி லாய் 1994-ல் தன் எலிகளுக்கு முன்கூட்டியே ஃபைசோஸ்டிக்மைன் கொடுத்துப் பார்த்தார், நால்ட்ரெக்ஸோன் கொடுத்தும் பார்த்தார், இரண்டிலும் தடுமாற்றம் மறைந்தது. முதலாவது மூளையில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைக் கூட்டும் மருந்து, இரண்டாவது அபின் வகைப் பொருட்கள் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பிகளை அடைப்பது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் கூட்டத்தைவிட இது யோசித்துச் செய்த சோதனை, ஏனென்றால் எந்த நரம்புப் பாதை என்று குறிவைத்துக் கேட்கிறது. ஆனால் அடிப்படைத் தடுமாற்றமே மற்றவர்கள் கையில் திரும்ப வராதபோது அதைச் சரிசெய்த மருந்தை வைத்து என்ன செய்வது?

எலிக்கு நல்லது என்றால் நமக்கும் கொஞ்சம் நல்லதுதானே? சும்மா போட்டுக்கொண்டால் என்ன?

முதலில் ஒன்று. செல்போன் கதிர்வீச்சிலிருந்து ஞாபகத்தைக் காக்க என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோ ஐரோப்பிய மருந்து முகமையோ எந்த மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. கடையில் இருப்பது உணவுச் சேர்மானம், மருந்துக்குக் கேட்கும் நிரூபணத்தை அதற்கு யாரும் கேட்பதில்லை.

ஜிங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். எலி மூளையை போன் அலையிலிருந்து காத்தது என்று 2004-ல் ஒரு கட்டுரை வந்தது. மனிதர்களில் ஞாபகத்துக்காக அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள்: 75 வயதைத் தாண்டிய 3,069 பேர், தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம், பல வருடம். 2008-ல் முடிவு வந்தது, டிமென்ஷியா என்ற முதுமை மறதி நோயைத் தடுக்கவில்லை. ஞாபகச் சரிவையும் தாமதப்படுத்தவில்லை என்று அடுத்த வருடம் இன்னொரு கட்டுரை. வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஜிங்கோ ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

வைட்டமின் ஈ இன்னும் மோசமான பாடம். புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு தினம் 400 யூனிட் கொடுத்தார்கள், 2011-ல் பார்த்தால் அந்தக் குழுவில் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்த 1990-களின் இரண்டு பெரிய சோதனைகளில் நுரையீரல் புற்றுநோய் கூடியது. கிரீன் டீயைக் குடிப்பதில் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் சாரத்தை கேப்ஸ்யூலாக, இஜிசிஜி கணக்கில் தினம் 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. மெலடோனின் பெரும்பாலும் சாதுதான், மறுநாள் காலை மந்தமாக இருக்கும், சில மனநல மருந்துகளோடு சேரும்போது அதன் அளவு ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறும்.

நிரூபிக்கப்படாத ஒரு பாதிப்புக்காக நிரூபிக்கப்பட்ட பக்கவிளைவை விலைக்கு வாங்குவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டோனெபெசில், மெமன்டின் மாதிரி நிஜ ஞாபக மருந்துகள்?

அவை அல்ஸைமர் நோய்க்கானவை. அங்கேயே பலன் மிதமானதுதான், நோயை நிறுத்தாது. ஆரோக்கியமான ஆள் போட்டுக்கொண்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, இதயத்துடிப்பு குறைவது என்று வரலாம். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடவே வேண்டாம்.

பிரம்மி?

சில சிறிய சோதனைகளில் இந்த மூலிகையைச் சுமார் 12 வாரம் எடுத்தவர்களுக்கு, கற்றதைத் திரும்பச் சொல்வதில் சற்று முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. வயிற்றுப் பிரட்டல் சாதாரணமாக வரும். இந்த முன்னேற்றத்துக்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமில்லை, "கதிர்வீச்சுப் பாதுகாப்பு" என்று லேபிளில் போட்டு விற்றால் அது வியாபாரம்.

போனில் ஒட்டும் ஸ்டிக்கர், கழுத்தில் போடும் லாக்கெட்?

ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுத்தால் போன் டவரை எட்ட முடியாமல் பவரைக் கூட்டும், அதாவது நீங்கள் காசு கொடுத்து அதிக அலை வாங்குகிறீர்கள். தடுக்கவில்லை என்றால் வெறும் ஸ்டிக்கர். அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2002-லேயே இப்படிப்பட்ட கவசங்களை விற்ற இரண்டு கம்பெனிகள் மீது பொய் விளம்பர வழக்குப் போட்டது. லாக்கெட் கதை இதைவிட வேடிக்கை. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணு பாதுகாப்பு அமைப்பு, 5ஜியிலிருந்து காப்பதாக விற்ற லாக்கெட் உள்ளிட்ட பத்துப் பொருட்களில் கதிரியக்கப் பொருள் இருப்பதைக் கண்டுபிடித்து, உடனே கழற்றி எடுத்து வையுங்கள் என்று எச்சரித்தது. இதில் வருவதுதான் டிஎன்ஏவை உடைக்கும் வகை.

எனக்கு போனை எடுத்தாலே தலை பாரம், மறதி. இதுவும் பிரமையா?

தலை பாரம் பிரமை இல்லை, காரணம்தான் வேறாக இருக்கலாம். அலை பட்டால் தெரிகிறது என்று சொல்பவர்களை வைத்து, அலை ஓடுவது யாருக்கும் தெரியாதபடி செய்த 31 சோதனைகளை 2005-ல் ஒரு மதிப்பாய்வு தொகுத்தது. மொத்தம் 725 பேர். அலை ஓடும்போதும் ஓடாதபோதும் அறிகுறிகளில் நம்பகமான வித்தியாசம் கிடைக்கவில்லை. அலை ஓடுகிறது என்று நம்பினாலே சிலருக்குத் தலைவலி வந்தது. வலி நிஜம், அதை ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் போன் வந்த பிறகுதான் மறதி அதிகமானது, சத்தியமாகச் சொல்கிறேன்.

நம்புகிறேன். அலையை விட்டுவிட்டு கவனத்தைப் பாருங்கள். சார்ஜரை எடுக்க அடுத்த அறைக்குப் போகிறீர்கள், வழியில் கையிலிருந்த போனில் ஒரு நோட்டிஃபிகேஷன், அதைத் திறக்கிறீர்கள், பதில் டைப் அடிக்கிறீர்கள், அங்கே போய் நின்றால் எதற்கு வந்தோம் என்றே தெரியவில்லை. ஞாபகம் அழியவில்லை, சார்ஜர் என்ற எண்ணம் பதியவே நேரம் கிடைக்கவில்லை. நாம் மறதி என்று சொல்வதில் நிறைய இந்த ரகம்தான். பதிந்து காணாமல் போனதல்ல, பதியாமலே போனது.

போட்டோவிலும் இது உண்டு. 2014-ல் வெளியான ஒரு ஆய்வில் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள், போட்டோ எடுத்த பொருட்களை வெறுமனே பார்த்த பொருட்களைவிடக் குறைவாக ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை, உற்றுப் பார்த்தார்கள் அல்லவா. கேமரா வாங்கி வைத்துக்கொண்டது என்று மனசு கையைக் கழுவிவிடுகிறது போல.

அப்புறம் தூக்கம். பகலில் கற்றது உறுதியாவது ஆழ்ந்த தூக்கத்தில். நள்ளிரவு வரை ஸ்க்ரோல் செய்துவிட்டு காலையில் எதுவும் நிற்கவில்லை என்றால் அதற்கு ரேடியோ அலையைத் தேடிப்போக வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் போன் ஞாபகத்தைக் கெடுக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஃபிளைட் மோடில் வைத்து வீடியோ பார்த்தாலும் கெடுக்கும்.

மறதிக்கு டாக்டரிடம் போனால் எதைப் பார்ப்பார்கள்?

ரத்தத்தில் பி12, தைராய்டு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் நீண்டநாள் எடுப்பவர்களுக்கும் அசிடிட்டி மாத்திரையைப் பல வருடம் போடுபவர்களுக்கும் பி12 குறையலாம், ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் பலருக்குச் சரியாகிறது. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேட்பார்கள். மனச்சோர்வு வயதானவர்களிடம் மறதி வேடம் போட்டு வரும். நீங்கள் போடும் மருந்துகளையும் காட்டுங்கள்: தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரை, சில சிறுநீர்ப்பை மருந்துகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், தூக்க மாத்திரைகள் எல்லாம் ஞாபகத்தை மந்தமாக்கும். கதிர்வீச்சுக்கு என்று ஒரு கேப்ஸ்யூலை ஆறு மாதம் விழுங்கிக்கொண்டிருப்பதில் பெரிய நஷ்டம், இவை கண்டுபிடிக்கப்படாமல் கிடப்பதுதான்.

தெரிந்த வழியிலேயே தொலைந்து போவது, கேட்ட கேள்வியைச் சில நிமிடத்தில் மறுபடி மறுபடி கேட்பது, பணக் கணக்கு திடீரென்று வராமல் போவது, இப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மறதி ஒரே நாளில் வந்து, பேச்சுக் குளறலோ கை கால் பலவீனமோ சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி.

குழந்தைகளுக்கு?

இங்கே நான் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதைப் பக்கம். குழந்தைகளின் மண்டையோடு மெல்லிசு, திசுவில் நீர் அதிகம், அதே போனிலிருந்து மூளை உள்வாங்கும் சராசரி பெரியவர்களைவிட இரண்டு மடங்கு வரை இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை குறிப்பிட்டது. சுவிஸ் ஆய்வும் சிறுவர்களிடம்தான். ஸ்பீக்கரில் பேசப் பழக்குங்கள், செலவில்லாத வேலை. மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் "புற்றுநோய் வரலாம்" என்று சொன்னதே?

அந்த நிறுவனத்தின் அங்கமான, மேலே சொன்ன சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைதான் 2011-ல் ரேடியோ அலையை 2பி பிரிவில் போட்டது, "சாத்தியம் இருக்கலாம்" என்று அர்த்தம். கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. மூளைப் புற்றுநோய் பற்றி 2024-ல் வந்த பெரிய மதிப்பாய்வு தொடர்பு காணவில்லை. எப்படியும் அந்த வகைப்படுத்தல் ஞாபகத்தைப் பற்றியதே அல்ல.

5ஜி?

இப்போது பரவலாக ஓடும் 5ஜி 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம், பழைய வைஃபைக்குப் பக்கத்து வீடு. 26 கிகாஹெர்ட்ஸ் மாதிரி உயர் அலைவரிசை தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவே போகும், மூளையை எட்டாது.

அலையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

தூரம். போனைக் காதிலிருந்து ஒரு கை நீளம் தள்ளினாலே தலைக்குப் போவது சொற்பமாகிவிடும். வயர் இயர்போனோ ஸ்பீக்கரோ போதும், புளூடூத் இயர்போனும் சில மில்லிவாட்தான். சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில், லிஃப்டில், ஓடும் ரயிலில் போன் கத்திக் கத்திப் பேசும், நீண்ட பேச்சை நல்ல சிக்னல் உள்ள இடத்துக்குத் தள்ளிவையுங்கள். இரவில் சும்மா கிடக்கும் போன் எப்போதாவதுதான் டவரோடு பேசும். ஆனாலும் தலையணைக்கு அடியில் வேண்டாம், சார்ஜில் சூடாகும் பேட்டரி ஒரு காரணம், பக்கத்தில் இருந்தால் எடுத்துப் பார்ப்பீர்கள் என்பது இன்னொன்று.

ஏற்கெனவே கதிர்வீச்சு கேப்ஸ்யூல் வாங்கிவிட்டேனே?

லேபிளைத் திருப்பிப் படியுங்கள். வெறும் வைட்டமின் சி என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பாதகமில்லை, சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக அளவைத் தவிர்க்கவும். ஜிங்கோ, அதிக வைட்டமின் ஈ, கிரீன் டீ சாரம் இவற்றில் ஏதாவது இருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் எடுக்கிறீர்கள் அல்லது கல்லீரல் பிரச்சினை இருக்கிறது என்றால் கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பாட்டிலைக் காட்டுங்கள். ஆபரேஷனோ பல் பிடுங்குவதோ வரப்போகிறது என்றால் கேட்காவிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லேபிளில் என்ன இருக்கிறது என்றே எழுதாமல் "ரகசியக் கலவை" என்று போட்டிருந்தால் குப்பையில் போடுங்கள்.